மருந்தக நிர்வாகவியல்: முனைவர் பட்டப் பாடங்களைத் திட்டமிடுதல்

மருந்தக நிர்வாகவியல் என்பது மருந்து கொள்முதல் செய்யப்பட்டு, சேமிக்கப்பட்டு, நோயாளியின் கைக்குச் சேரும் வழியை ஆராயும் துறையாகும். மேலாண்மை, பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், சமூகவியல் ஆகியவை இதில் இணைகின்றன. இவை அனைத்தையும் ஒருவரே ஆழமாகப் படிக்க இயலாது. எனவே எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதே ஆய்வாளரின் முதல் முக்கிய முடிவாகிறது.

விதிமுறைகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வாளர் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்களை முடிக்க வேண்டும். ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகளும் இதில் கட்டாயம். பின்னது 2 கிரெடிட், 30 மணி நேரப் பாடம். ஆய்வைத் தொடரக் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. அங்கீகரிக்கப்பட்ட இணையவழிப் பாடங்களையும் ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரைக்கலாம்.

கேள்வியிலிருந்து பாடத்திற்கு

கட்டாயப் பாடங்கள் போக எஞ்சியவற்றை ஆய்வுக் கேள்வியே தீர்மானிக்க வேண்டும். வடசென்னையிலிருந்து எழக்கூடிய இரண்டு கேள்விகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதல் கேள்வி: இராயபுரம் பகுதி அரசு மருத்துவமனை ஒன்றில் சில மருந்துகள் மட்டும் அடிக்கடி தீர்ந்துபோனால், அதற்குக் காரணம் என்ன? தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை, 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மையமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனையின் ஒதுக்கீடும் பண மதிப்பில் பாஸ்புக்கில் பதிவாகிறது. இதை ஆராய்பவருக்குக் கொள்முதல் சட்டம், இருப்பு மேலாண்மை, தேவையை முன்கணித்தல் ஆகிய பாடங்கள் வேண்டும். மருந்துகளைச் செலவு வாரியாகவும் அவசியம் வாரியாகவும் பிரிக்கும் ஏபிசி, விஇடி பகுப்பாய்வுகளும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் தொழிலாளர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை இடையில் நிறுத்துவதற்கு வேலை நேரம் காரணமாகிறதா? இவ்வகை மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பகலில் வீட்டில் இல்லாதவரை அது எவ்வாறு சென்றடைகிறது என்பதும் இதனுடன் சேரும். இவருக்கு நோய்ப்பரவலியல், வினாநிரல் தயாரித்தல், நேர்காணல் முறை, மருந்து எடுத்துக்கொள்ளும் ஒழுங்கை அளவிடுதல் ஆகியவை தேவை. இருப்பு மேலாண்மை அதிகம் உதவாது.

பட்டம் ஒன்றே, ஆயினும் பாடத் திட்டங்கள் இரண்டு.

வரிசை

ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுவது முதல் படி. அதற்கு விடை தரும் தரவு எது, அதைப் பகுப்பாய எந்தத் திறன் வேண்டும் என்று பட்டியலிடுவது அடுத்த படி. தன்னிடம் இல்லாத திறனுக்கே கிரெடிட்டைச் செலவிட வேண்டும். மாதிரி அளவை ஆய்வு முன்மொழிவிலேயே குறிப்பிட வேண்டியிருப்பதால், புள்ளியியலை முதலில் முடிப்பது நல்லது. நோயாளிகளைச் சந்திக்கும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பதிவேடுகளைப் பார்க்க மருத்துவமனையின் அனுமதியும் பெற வேண்டும். பாடங்கள் நடக்கும்போதே இவற்றுக்கு விண்ணப்பித்தால் காலம் வீணாகாது.

எளிதில் தேர்ச்சி பெறலாம் என்பதற்காகப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பவர், சேகரித்த தரவைப் பகுப்பாயத் தெரியாமல் இறுதி ஆண்டில் தடுமாற நேரிடும். அந்த இழப்பு அவரோடு முடிவதில்லை. மருந்து வழங்குமிடத்தில் வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பும் நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய விடையும் தள்ளிப்போகிறது.