விடை இருக்கு... கேள்வி சரியா?

பிராடக்ட் மேனேஜர் ஆகணும்னு கனவா? ஒரு ஆப்போ, சோப்போ, அதில் எதைச் சேர்ப்பது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கிற ஆள் அவர்தான். இன்டர்வியூவில் உங்களை இப்படி மடக்கலாம்: 'நம்ம ஆப்பில் ஒரே வாரத்தில் ஆர்டர் பாதியாகிடுச்சு. என்ன பண்ணுவீங்க?'

'ஆஃபர் கொடுக்கலாம் சார்!' என்று சட்டென்று சொன்னால் போச்சு. நாடி பிடிக்காமல் மருந்து எழுதலாமா? எல்லா ஊரிலும் குறைஞ்சிருக்கா, ஒரே ஊரிலா? புதுசா வர்றவங்க குறைஞ்சாங்களா, பழைய ஆட்கள் போயிட்டாங்களா? இல்லை, பணம் கட்டும் இடம் வரை வந்துட்டுத் திரும்பிடறாங்களா? பிரச்னையை இப்படித் துண்டு துண்டாக்கிப் பார்ப்பதுதான் அலசி யோசிப்பது. பணம் கட்டும் பக்கமே மக்கர் பண்ணினால், ஆஃபரால் என்ன லாபம்?

'கையில் டேட்டா இருந்தால் போதுமே' என்கிறீர்களா? கோகோ கோலா கதையைக் கேளுங்க. பெப்சியிடம் மார்க்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்த கம்பெனி, புது ஃபார்முலா தயாரித்து ஏறக்குறைய 2 லட்சம் பேருக்கு ருசி பார்க்கக் கொடுத்தது. புதுசுக்கே அதிக ஓட்டு! 1985 ஏப்ரல் 23-ல் 'நியூ கோக்' அறிமுகம். பழசுக்கு டாட்டா.

அப்புறம்தான் வெடித்தது. ஜூன் மாதம் கம்பெனிக்கு தினமும் 1,500 போன். 79 நாளில், பழைய கோக் திரும்ப வருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

எங்கே சறுக்கியது? எண்ணிக்கையில் குறை இல்லை. 'எது ருசி?' என்பதற்குத்தான் அந்த டெஸ்ட் பதில் சொன்னது. 'பழசையே நிறுத்திட்டா சம்மதமா?' என்பதற்கு அதில் பதில் இல்லை. ஒரு மடக்கு ருசி வேறு. வருஷக்கணக்கான பாசம் வேறு. நீங்க எதைக் கேட்டீங்களோ, டேட்டா அதுக்கு மட்டும்தான் வாய் திறக்கும்.

இதைப் பழக எம்.பி.ஏ. வரை காத்திருக்க வேண்டாம். காலேஜ் லைப்ரரியில் கூட்டம் குறைஞ்சிருக்கா? 'பசங்க படிக்கிறதே இல்லை' என்று தீர்ப்பு எழுதாதீங்க. எந்த டிபார்ட்மென்ட், எந்த நேரம், எப்போதிலிருந்து என்று குறிச்சுப் பாருங்க. பஸ் நேரம் மாறினதுகூடக் காரணமா இருக்கலாம். காரணம் பிடிபட்டதும் இன்னொரு கேள்வி: 'நான் நினைக்கிறது தப்புன்னா, அதை எது காட்டிக்கொடுக்கும்?' அதைத் தேடிப் பாருங்க. கிடைக்கலைன்னா, தைரியமா முடிவெடுங்க!