மராகேஷில் ரியாத் எடுக்கப் போறீங்களா? முதல்ல முற்றத்தைப் பாருங்க

மொராக்கோ ட்ரிப் பிளான் பண்றவங்க பெரும்பாலும் மராகேஷில் ஒரு ரியாத்தில் தங்க ஆசைப்படுறாங்க. நல்ல ரியாத்துக்கு ஒரு ராத்திரிக்கே பெரிய தொகை ஆகும். அதனால போட்டோவில் மயங்குறதுக்கு முன்னாடி, அந்த வீடு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம்.

ரியாத் என்ற அரபுச் சொல் தோட்டத்தைக் குறிக்கும். பழைய நகரமான மெதினாவில் இருக்கிற இந்த வீடுகளுக்குத் தெருப்பக்கம் ஜன்னலே இருக்காது என்று சொல்லலாம். மண் நிறச் சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான். உள்ளே போனா நடுவில் நீரூற்று, சுற்றி நாலு பாத்தி, ஆரஞ்சு மரங்கள். அறைகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். தடிமனான சுவர் வெயிலையும் தெருச் சத்தத்தையும் தடுக்கும். ராத்திரி இறங்குற குளிர்ந்த காற்று முற்றத்தில் தங்கி, காலையிலும் கொஞ்ச நேரம் இதமா வச்சிருக்கும்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. தோட்டம் இல்லாம வெறும் முற்றம் மட்டும் இருக்கிற வீட்டுக்கு 'தார்' என்று பேர். நம்ம வாழைத்தார் இல்ல! ஆனா விளம்பரத்தில் பல தார்களும் ரியாத் என்றே வருது. மரம் மண்ணில் நிக்குதா, தொட்டியில் நிக்குதா? போட்டோவில் அதைப் பாருங்க.

அடுத்து அறை. வெளிச் சத்தத்தைத் தடுக்கிற முற்றமே உள் சத்தத்தை எதிரொலிக்கும். தரைத்தள அறை குளுமையா இருக்கும். ஆனா வெளிச்சம் குறைவு. காலைச் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் நேரா காதுக்கு வரும். மேல் அறையில் வெளிச்சம் உண்டு. ஆனா ஜூலை, ஆகஸ்டில் சூடு, கூடவே குறுகலான படிக்கட்டு. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க: மொத்தம் எத்தனை அறை? முற்றத்தில் வெளியாட்களுக்கும் ரெஸ்டாரண்ட் நடக்குதா? குளிர்காலத்தில் ஹீட்டர் உண்டா? டாக்ஸி நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம்? பல சந்துகளில் கார் நுழையாது, பெட்டியைத் தள்ளுவண்டியில்தான் கொண்டு வருவாங்க. விடியற்காலை பாங்கு சத்தம் எங்கே தங்கினாலும் கேட்கும்.

அமைதியோடு விசாலமும் வேணும்னா லா மாமூனியா இருக்கு. 18ஆம் நூற்றாண்டில் சுல்தான் தன் மகன் மாமூனுக்குக் கொடுத்த தோட்டத்தில் எழுந்த ஹோட்டல் அது. 2010இல் திறந்த ராயல் மன்சூரில் விருந்தினருக்குத் தனித்தனி ரியாத்தே கொடுக்கிறாங்க. விலையும் அதே அளவுக்கு ஏறும். ஆனா சில அறைகளே உள்ள, முற்றத்தில் ரெஸ்டாரண்ட் நடத்தாத ஒரு சின்ன ரியாத், அதில் பாதிக்கும் குறைவான செலவில் அதே நிம்மதியைத் தரலாம். நீங்க காசு கொடுக்கிறது அந்த அமைதிக்குத்தான். அதைக் கேட்டு உறுதி பண்ணிட்டு அட்வான்ஸ் கட்டுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.