அடைப்பா, இறுக்கமா? எக்ஸ்ரே படமும் ஏமாற்றும்!

"கருக்குழாய் அடைத்திருக்கிறது."

டாக்டர் இப்படிச் சொன்னால், குழந்தைக்காக ஏங்கும் பெண்ணுக்குத் தலையில் இடி விழுந்தது போல் இருக்கும். வீட்டில் பேச்சு கிளம்பும். "மலடி" என்று கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் படத்தில் தெரியும் அடைப்பு எல்லாம் உண்மையான அடைப்பு அல்ல!

கருப்பையின் இரு பக்கமும் இரண்டு கருக்குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம். பெண்ணின் முட்டையும் ஆணின் உயிரணுவும் சந்திப்பது இங்கேதான். வழி திறந்திருக்க வேண்டும்.

1919-ம் ஆண்டில் நியூயார்க்கில் டாக்டர் ரூபின் என்பவர், கருப்பைக்குள் ஆக்சிஜன் வாயுவைச் செலுத்தி இந்த வழியைச் சோதித்தார். இன்று அயோடின் கலந்த மருந்து நீரைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 'ஹெச்.எஸ்.ஜி.' என்று இதற்குப் பெயர். மாதவிலக்கு நின்ற சில நாட்களுக்குள் எடுப்பார்கள்.

சுருக்குப் பை!

குழாயின் தொடக்கம் கருப்பைத் தசைக்குள் புதைந்திருக்கிறது. அங்கே துவாரம் மிக மிகச் சிறியது. வலியாலோ, மருந்து நீரை வேகமாகச் செலுத்தினாலோ அந்தத் தசை இறுகும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போல் வழி மூடிக்கொள்ளும். மருந்து நீர் அங்கேயே நின்றுவிடும். படத்தில் அசல் அடைப்பு போலவே தெரியும்!

இதை நம்பி ஆபரேஷன் வரை போனால் என்ன ஆவது?

அதனால்தான் சில டாக்டர்கள், சோதனைக்கு முன்போ நடுவிலோ தசையைத் தளர்த்தும் ஊசி போடுகிறார்கள். 'ஹையோசின் பியூட்டைல் புரோமைடு' என்பது அவற்றில் ஒன்று. வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். ஊசி போட்டுச் சற்றுப் பொறுத்து, மருந்து நீரை மெதுவாக மீண்டும் செலுத்துகிறார்கள். இறுக்கம் தளர்ந்தால் குழாய் படத்தில் தெரியும்.

எல்லாருக்கும் இந்த ஊசி தேவை இல்லை. தழும்பால் மூடிய குழாயை இது திறக்காது. ஊசி போட்டும் வழி தெரியாவிட்டால், அதோடு முடிந்தது என்றும் அர்த்தமில்லை. சளி போன்ற பொருள் மறித்திருக்கலாம். வேறு சோதனை செய்து பார்ப்பார்கள்.

கண் அழுத்த நோய், இதயப் படபடப்பு, அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் வாய் உலரும். சிலருக்குச் சற்று நேரம் பார்வை மங்கும். ஆகவே துணைக்கு ஒருவர் வருவது நல்லது. கணவரே வரலாம். அவரும் சோதித்துக்கொள்ள வேண்டியவர்தானே!