மாடல் விமானத்தில் சைலன்சர் கழல்கிறதா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் சைலன்சருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய ரேடியோ கண்ட்ரோல் விமானம், இரண்டே இரண்டு போல்ட் லூஸ் ஆனதால் கடலைக் காட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். அந்த போல்ட் எப்போது, ஏன் லூஸ் ஆகிறது என்பதைக் கண்டுபிடிக்க நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஓர் இலவச சாப்ட்வேரும் போதும்.

முதலில் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம். இன்று மாடல் விமானங்களில் பெரும்பாலானவை பேட்டரியில்தான் பறக்கின்றன. ஆனாலும் க்ளோ எஞ்சினின் சத்தத்துக்கும் வாசனைக்கும் அடிமையானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் ஒருவன். 1936-ல் ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கிய ஓ.எஸ். போன்ற நிறுவனங்கள் இந்தக் குட்டி எஞ்சின்களால் பெயர் பெற்றவை. '46 சைஸ்' என்றால் 0.46 கன அங்குலம், அதாவது சுமார் 7.5 சி.சி. ஸ்பார்க் பிளக் கிடையாது. பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பியை 1.5 வோல்ட் பேட்டரியால் சூடாக்கி ஸ்டார்ட் செய்கிறோம். அதன்பின் பேட்டரியை எடுத்துவிட்டாலும் எரிபொருளே கம்பியைச் சிவக்க வைத்துக்கொள்ளும். அந்த எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் சேர்ந்த கலவை. எண்ணெய் பல நேரம் நம் ஆமணக்கு எண்ணெய்தான். ஆமணக்குக்கு ஆராய்ச்சி நிலையமே சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இருக்கிறது என்பதை வெளியூர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

சைலன்சருக்குச் சத்தத்தைக் குறைப்பது மட்டும் வேலை அல்ல. அதில் ஒரு சின்ன முனை இருக்கும். அங்கிருந்து ஒரு சிலிகான் டியூப் பெட்ரோல் டேங்குக்குப் போகும் (பெட்ரோல் இல்லை, பழக்கத்தில் அப்படிச் சொல்கிறோம்). புகையின் அழுத்தம் டேங்கை அழுத்தி, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. சைலன்சர் லூஸ் ஆனால் அழுத்தம் குறையும். எரிபொருள் குறைந்து காற்று அதிகமாகும். எஞ்சின் முதலில் உற்சாகமாகச் சீறும், அடுத்து சூடேறித் திணறும், பிறகு நடுவானில் நின்றுவிடும்.

சைலன்சர் முழுதாகக் கழன்றால் இன்னும் மோசம். கொதிக்கும் அலுமினியத் துண்டு வானத்திலிருந்து விழும். அதோடு எஞ்சின் திடீரென்று அலறும். நாமக்கல் பக்கம் எந்தத் திசையில் திரும்பினாலும் கோழிப்பண்ணை. திடீர்ச் சத்தத்தில் ஒரு ஷெட் கோழி மிரண்டால் பண்ணைக்காரருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ராசிபுரத்துக்கு வெளியே தரிசு நிலத்தில் நான் பறக்கவிடும் விமானத்தில் இருப்பது இரண்டாம் கை எஞ்சின். நாலு முறை பறந்தால் சைலன்சர் ஆடும். விமானத்தின் பக்கவாட்டில் கருப்பு எண்ணெய் வழியும். எந்த நேரத்தில் லூஸ் ஆகிறது என்று தெரிந்தால்தான் காரணம் புரியும். ஓடும் எஞ்சினில் கையை வைத்துப் பார்க்க முடியாதே! அதனால் சத்தத்தைப் பதிவு செய்தேன்.

விமானத்தைத் தரையில் கட்டிவிட்டு, நான்கு மீட்டர் தள்ளி, ப்ரொப்பெல்லருக்கு நேராக இல்லாமல் பின்பக்கமாக மொபைல் போனை வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை வேவ் பைலாகப் பதிவு செய்யும் ஆப் நல்லது. அந்த பைலை கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆடாசிட்டி சாப்ட்வேரில் திறக்கவும். 2000-ல் வெளியான இந்த சாப்ட்வேர் இன்றும் இலவசம்தான். சீராக ஓடும் இரண்டு நொடியை மவுஸால் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் என்பதில் கிளிக் செய்திடவும். மலைத்தொடர் போல ஒரு படம் வரும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆகவே முதல் பெரிய சிகரம் 200 ஹெர்ட்ஸில் இருந்தால், 60-ஆல் பெருக்க 12,000 ஆர்.பி.எம். இரட்டை இறக்கை ப்ரொப்பெல்லரின் சத்தம் இதற்கு இருமடங்கில், 400-ல் இன்னொரு சிகரமாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு 24,000 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

சைஸ் என்ற பெட்டியில் 4096 என்று இருந்தால் துல்லியம் போதாது. 44,100-ஐ 4096-ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 10.8 ஹெர்ட்ஸ், அதாவது 646 ஆர்.பி.எம். 65536 வைத்தால் ஒரு படி 40 ஆர்.பி.எம்.தான். அதற்கு ஒன்றரை நொடி சீரான சத்தம் தேவை. பறக்கும்போது பதிவு செய்து அளக்க வேண்டாம். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் விமானத்தின் சத்தம் டாப்ளர் விளைவால் 7 சதவிகிதத்துக்கு மேல் கூடித் தெரியும்.

என் பதிவை ஸ்பெக்ட்ரோகிராம் வடிவில் பார்த்தேன். 183 ஹெர்ட்ஸில் இருந்த கோடு, த்ராட்டிலைத் தொடாமலேயே மூன்றாவது நிமிடத்தில் 190 வரை ஏறி, பிறகு சரிந்தது. அதே இடத்தில் மேலே, அதிக ஹெர்ட்ஸ் பகுதியில், புகை கசியும் 'உஸ்' சத்தம் ஒரு மூட்டமாகத் தெரிந்தது. ஆக, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கோளாறு.

காரணம் பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. இரும்பு 12 பங்குதான். சைலன்சரின் இரண்டு பாகங்களை இணைக்கும் நீள போல்ட் 70 மி.மீ., வெப்பம் 120 டிகிரி கூடுகிறது என்றால் வித்தியாசம் 0.09 மி.மீ.; ஒரு தலைமுடியின் பருமன்! அலுமினியம் விரிந்து, பேக்கிங்கையும் மரையையும் நசுக்கும். ஆறிய பிறகு பிடிமானம் குறைந்திருக்கும். அடுத்த முறை அதிர்வு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டு அதிர்வில் போல்ட் தானாகச் சுழன்று கழலும் என்று ஜெர்மானிய எஞ்சினியர் யுங்கர் 1969-லேயே சோதனை செய்து காட்டினார். அவர் பெயரில் உள்ள சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. நாம் மட்டும் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

லாரி பாடி கட்டும் ஊரில் அதிர்வைப் பற்றிக் கற்றுத்தர ஆள் பஞ்சமா? நாமக்கல்லில் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். போல்ட்டைத் துடைத்து மூக்கருகே பிடித்தவர், "மரைக்குள்ள எண்ணெய் இருக்குங்க தம்பி. இப்படி இருந்தா எத்தனை தரம் முடுக்குனாலும் கழலத்தான் செய்யும்" என்றார். மரை கழன்றது எஞ்சினுக்கா உனக்கா என்று கேட்காமல் விட்டதே பெரிது.

அவர் சொன்னபடி செய்தது இதுதான். போல்ட்டையும் துளையையும் அசிட்டோனால் எண்ணெய்ப் பசை போகும் வரை கழுவினோம் (விமானத்தின் பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், எஞ்சினைத் தனியே கழற்றிவிடுங்கள்). மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, சைலன்சரின் வாய்ப்பகுதியை அதில் மெதுவாகத் தேய்த்தோம். நடுவில் பள்ளம் இருந்தது தெரிந்தது. முகம் முழுவதும் ஒரே மாதிரி பளபளக்கும் வரை தேய்த்தோம். நைந்த பழைய போல்ட்டுகளுக்குப் பதிலாக அதே மரை, அதே நீளத்தில் ஆலன் போல்ட். பேக்கிங் இருந்த இடத்தில் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் வெப்பம் தாங்கும் சிவப்பு சிலிகான், தாள் கனத்துக்கு. ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

மரைக்குப் போடும் பசையில் எதை வாங்குவது என்பதில் கவனம் தேவை. லாக்டைட் 243 தாங்குவது 180 டிகிரி வரை. 272 என்றால் 230 வரை. வெறும் 'நீலம் கொடுங்கள், சிவப்பு கொடுங்கள்' என்று கேட்காமல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். 272 போட்டால் பின்னால் கழற்ற போல்ட்டைச் சூடாக்க வேண்டியிருக்கும். ஆலன் கீயின் நீளப் பக்கத்தைத் தலையில் செருகி, குட்டைப் பக்கத்தைப் பிடித்து முடுக்குங்கள். இல்லாவிட்டால் கை பலத்தில் அலுமினிய மரை வழுக்கிவிடும். பிறகு பெரிதாகத் துளைத்து ஹெலிகாயில் போட வேண்டியதுதான். நீள போல்ட்டுக்குப் பசை வேண்டாம். ஒருமுறை ஓட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் லாக் நட்டை இன்னொரு முறை பிடித்துவிடுங்கள்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. மெத்தனால் விஷம். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதுதான். தமிழ்நாட்டில் இதற்கு 1959-லிருந்தே தனி விதிகள் உண்டு. சொந்தமாக வாங்கிக் கலக்கும் யோசனையே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இதன் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதால், லூஸ் சைலன்சரோடு காய்ந்த புல்லில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. பறக்கவிடும் முன் டி.ஜி.சி.ஏ.வின் வான்வெளி வரைபடத்தையும் பாருங்கள். 2023 அக்டோபரில் காமலாபுரத்தில் பயணிகள் விமானம் மீண்டும் வரத் தொடங்கியதால் ஓமலூர் பக்கத்து நண்பர்களுக்கு இது மிக முக்கியம்.

இன்னொன்று பாக்கி. சைலன்சர் சரியான பிறகும் என் பதிவில் 183 ஹெர்ட்ஸ் சிகரம் அளவுக்கு மீறி உயரமாகவே இருந்தது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஒரு கம்பியில் கோத்துப் பார்த்ததில் ஒரு இறக்கை கீழே இறங்கியது. கனமான பக்கத்தின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்த பிறகு, அதே போன், அதே தூரத்தில் மறுபடி பதிவு செய்தேன். சிகரம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த பைலைத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். பத்து முறை பறந்ததும் புதிதாக ஒன்று பதிவு செய்து, இரண்டையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து பார்ப்பேன்.