உங்களுக்குத் தெரியுமா? கூரான பிளேடும் மரத்தைக் கருக்கும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மரப் பட்டறைகளில் பலகை விளிம்பு கருகினால், "பிளேடு மொக்கை, சாணை பிடிக்கணும்" என்பார்கள். பல நேரம் கூரில் குறையே இருக்காது. மேசை ரம்பத்தில் பிளேடு கோணலாக நிற்கும். முன்பல் அறுத்த வழியில் பின்பல்லும் உரச, அந்தச் சூட்டில் மரம் கருகும். பின்பல் மேல்நோக்கி எழுவதால் பலகையைத் தூக்கி ஆள் மேலேயே வீசவும் செய்யும்.

பிளேடு கோணலா என்று பார்க்க, கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழுக்க உயர்த்தி, ஒரு பல்லில் சாக்பீஸ் குறி போடுங்கள். மேசைக் காடியிலிருந்து அந்தப் பல் வரை முன்னால் அளந்து, பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்னால் வைத்து அளக்க வேண்டும். வேறு பல் என்றால் பிளேடின் நெளிவும் கணக்கில் கலந்துவிடும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. ஆசாரிகளின் ஒரு நூல், அதாவது 1/8 அங்குலத்தில், ஏறக்குறைய 30-ல் ஒரு பங்கு! டேப்புக்கு இது பிடிபடாது. டயல் கேஜ்தான் சரி. அம்பத்தூர் தொழிற்பேட்டை லேத்காரர்களுக்கு அது அன்றாடச் சாமான்.

வித்தியாசம் அதற்கு மேல் இருந்தால், பெரிய மெஷின்களில் மேசையின் நான்கு போல்ட்டுகளில் மூன்றைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டித் திருப்பலாம். பக்கத்துக் கைடைச் சரிசெய்வது அதற்குப் பிறகுதான். முதலில் அதைத் தொட்டால் வேலை இரட்டிப்பு.