சொல்லும் வழியும் – 9: யானைப் பிடரியில் ஓர் அறிவிப்பு

பகர்ந்ததையும் விற்றதையும் ஒரே சொல்லில் பார்த்தாயிற்று. போன வாரம் உரைத்ததையும் உரைகல்லையும் பார்த்தாயிற்று. இந்த வாரம் ‘சாற்று’ என்று அறிவிப்பு இருந்தது. ஆனால் சாற்றுவதற்கு முன்னால் பறை நிற்கிறது. பறையைத் தாண்டாமல் சாற்றுக்குப் போக வழியில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் காதில் விழும் முதல் பத்துச் சொற்களில் ஒன்றாவது ‘பற’ என்று தொடங்கும். எந்தா பறஞ்ஞது, ஞான் பறயாம், பறஞ்ஞில்லே. மலையாளத்தில் சொல்வதெல்லாம் பறைவதுதான். தாய் பிள்ளையிடம் பறைவாள், வக்கீல் நீதிபதியிடம் பறைவார், காதலன் காதலியிடம் காதைக் கடித்தும் பறைவான். அதில் ஓசையோ ஆரவாரமோ கிடையாது.

எல்லையைத் தாண்டி விளவங்கோடு, கல்குளம் பக்கம் வந்தாலும் இதே வினை பேச்சில் உண்டு. 1956 நவம்பர் முதல் தேதிதான் அந்த வட்டாரம் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அப்படியானால் இது மலையாள வாடைதானே என்று தள்ளிவிடத் தோன்றும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக்குப் போனால் அந்த எண்ணம் நிற்காது. அங்கே ஊர்க்கதை பேசுகிறவர்கள் பறைந்துகொண்டிருப்பார்கள். கோபித்துக்கொண்ட தோழி ஒருத்தியோடு பறையாமல் இருப்பாள். சென்னை, தஞ்சை, மதுரை, கோவைப் பேச்சிலிருந்து நழுவிப்போன ஒரு வினை தமிழ் நிலத்தின் தெற்கு ஓரத்திலும் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் உயிரோடு இருக்கிறது. நடுவில் இருக்கும் நமக்கு மிஞ்சியது ‘பறைசாற்றுதல்’ என்ற ஒற்றைக் கூட்டுச் சொல். அதுவும் மேடையிலும் செய்தித்தாளிலும் மட்டும்.

பறை என்றால் நமக்கு முதலில் தோன்றுவது கருவி. வேப்பமரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, அடிக்கும் முன் தீயில் காட்டிக் காய்ச்சி, ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சியும் மறு கையில் மெல்லிய நீளக் குச்சியுமாக அடிக்கிற கருவி. முன்பு தோற்கருவிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயராகவும் இருந்தது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்னால் வந்தவர்கள் பிரித்துச் சொன்னார்கள். ஆண்டாள் பாவை நோன்பில் ஆயர் சிறுமியர் கண்ணனிடம் கேட்டு நிற்பதும் பறையைத்தான். அதற்குத் தொண்டு என்று உட்பொருள் கண்டார்கள் வைணவ உரைகாரர்கள். சங்கப் பாட்டில் பறவையின் சிறகுக்கும் பறத்தலுக்கும் பறை என்ற பெயர் வரும். அது பற என்ற வினையின் பிள்ளை. அதை இங்கே கலக்கவேண்டாம்.

கேள்வி இதுதான்: சொல்லுதல் முதலா, கருவி முதலா? திராவிட மொழிகளின் வேர்ச்சொற்களைத் தொகுத்த பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட அகராதியில் இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்து வைத்தார்கள். எது முன், எது பின் என்பதற்கு ‘அறை’ என்ற பக்கத்து வீட்டு வினை உதவுகிறது. கன்னத்தில் அறைகிறோம், ஆணி அறைகிறோம். அடிப்பதுதான் அதன் முதல் வேலை. முரசை அடித்துச் செய்தி சொன்னதால் ‘அறைதல்’ அறிவித்தலாகவும் ஆயிற்று. அடியில் தொடங்கிப் பேச்சில் முடிந்த சொல் அது. பறையோ தமிழில் எங்கும் அடிப்பதைக் குறிப்பதில்லை. பறைதல் என்றால் சொல்லுதல்தான். எனவே அறை போன வழிக்கு எதிர்வழியில் பறை வந்திருக்க வேண்டும்: சொல்லுகிறது என்பதால் கருவி பறை ஆயிற்று. மொழியறிஞர்கள் வேறு வழி காட்டினால் கேட்கலாம். இந்தத் தொடர் இப்போதைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

இரண்டையும் ஒட்டவைத்து ‘அறைபறை’ என்று திருவள்ளுவர் இரு இடங்களில் ஆள்கிறார். ஒன்று கயமை அதிகாரம், 1076ஆம் குறள். தாம் கேட்ட மறைவான செய்தியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிறரிடம் சேர்ப்பதால் கயவர் அடிக்கப்படும் பறை போன்றவர் என்கிறார். இன்னொன்று காமத்துப்பாலில், 1180. என்னைப் போல அறைபறையான கண்களை வைத்திருப்பவர்களின் மனத்திலிருக்கும் மறைவை ஊரார் அறிந்துகொள்வது கடினமே அல்ல என்கிறாள் தலைவி. ஒரே உவமை, ஓரிடத்தில் இழிவு, மற்றோரிடத்தில் இரக்கம். கயவன் வேண்டுமென்று சொல்கிறான். அவள் கண்கள் வேண்டாமென்றாலும் சொல்லிவிடுகின்றன. ரகசியம் உடைவதைச் சொல்ல இந்த இரு இடங்களிலும் வள்ளுவருக்குப் பறைதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

இனி, இந்த வாரத்தை முழுதாக விழுங்கிய செய்தி.

தமிழில் ஒரு பொது அறிவிப்பு அதன் வாசகத்தோடு கிட்டத்தட்ட முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. மணிமேகலையின் முதல் காதை அது. பெயரே விழாவறை காதை: விழாவை அறைந்த காதை. அரசன் முரசறைவித்தான் என்று ஒரு வரியில் கடந்துபோகும் காப்பியங்கள் பல. சீத்தலைச் சாத்தனார் அப்படிக் கடக்கவில்லை. அறிவித்தவன் வாயிலிருந்து வந்த செய்தியை வரிசை குலையாமல் நமக்குக் கேட்கவைக்கிறார்.

இடம் புகார். இருபத்தெட்டு நாள் இந்திர விழா தொடங்க வேண்டும். மறந்தால் நாளங்காடிப் பூதம் பொறுக்காது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். சமயக் கணக்கர், காலம் கணிப்போர், வேற்று மொழி பேசும் மக்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். முடிவானதும் வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றுகிறார்கள். அந்த முரசு காளைத்தோல் போர்த்தது, இடிபோல் முழங்குவது, கூற்றுவனைக் கூப்பிடுவது, குருதி வேட்கை கொண்டது. அத்தனையும் போர் முரசின் அடைமொழிகள். அந்த முரசைத்தான் ஒரு விழாவைச் சொல்ல எடுக்கிறார்கள். அதை அடிப்பவனுக்குச் சாத்தனார் பெயர் தரவில்லை. பழங்குடியில் பிறந்தவன் என்று மட்டும் சொல்கிறார். அரசாணையை யானைமேல் இருந்து அறிவிக்கும் வேலையை வள்ளுவர் செய்ததாகப் பிற காப்பியங்கள் சொல்வதால் இவனையும் வள்ளுவன் என்றே கொள்வது வழக்கம்.

அவன் எப்படித் தொடங்குகிறான் என்று பாருங்கள். ஊர் வாழ்க. மாதம் மும்மாரி பொழியட்டும். அரசன் கோல் கோணாதிருக்கட்டும். வரிசையில் ஊர் முதலில் வருகிறது, மழை அடுத்து, அரசன் மூன்றாவது.

பிறகு ஒரு செய்தி: தேவர்கள் இங்கே வருவதால் விண்ணுலகம் வெறிச்சோடிப் போகும். எப்படி வெறிச்சோடும் என்று கேட்டால், கரிகாலன் படையெடுத்துப் போன நாளில் இந்தப் புகார் கிடந்ததே, அப்படி. தேவலோகத்தின் நிலையை விளக்க ஊர்க்காரர்கள் கண்ட ஒரு நாளை எடுத்துக் காட்டுகிறான். கூட்டத்தின் முன் நின்று பேசிப் பழகியவனுக்குத்தான் இது வரும்.

அடுத்து வேலைகள். பூரண கும்பம் வையுங்கள், பாவை விளக்கேற்றுங்கள். குலையோடு கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள். முத்துமாலை தொங்கவிடுங்கள், கொடி கட்டுங்கள். தெருவிலும் மன்றத்திலும் கிடக்கும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள். நெற்றிக்கண் இறைவன் தொடங்கிச் சதுக்கத்தில் குடியிருக்கும் தெய்வம் வரை எல்லாருக்கும் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அறவுரை சொல்லத் தெரிந்தவர்கள் பந்தலுக்கும் பொதியிலுக்கும் போய்ச் சேருங்கள். சமய வாதம் செய்வோர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள். இன்றைக்குத் தொலைக்காட்சிவரை வந்துவிட்ட அந்தச் சொல் இந்த முரசொலிக்கு நடுவே சாதாரணமாக வந்துபோகிறது.

அதற்கு அடுத்த கட்டளை எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது. பகைவர் எதிரே வந்தாலும் சினமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்கிறான். குருதி கேட்கும் முரசை அடித்துக்கொண்டே சொல்கிறான். முடிக்கும்போதும் வாழ்த்துத்தான்: பசியும் நோயும் பகையும் நீங்கட்டும், மழையும் வளமும் பெருகட்டும்.

கட்டளைச் சொற்கள் பெரும்பாலும் ‘மின்’ என்று முடிகின்றன: பரப்புமின், நடுமின், ஏறுமின், அகலுமின். பலரை ஒன்றாக விளித்து ஏவும் பழைய முற்று அது. ‘நீ செய்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. வீட்டுக்குள் இருப்பவர், வீதியில் போகிறவர், வாதம் செய்யும் அறிஞர், சண்டைக்காரர் எல்லாரும் ஒரே ‘மின்’னுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இந்தக் காதை பொருள் விளங்கி நமக்குக் கிடைத்த கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. உ.வே. சாமிநாதையர் மணிமேகலைச் சுவடிகளை வைத்துக்கொண்டு பொருள் புரியாமல் தவித்தார். அரூபப் பிரமர், உரூபப் பிரமர் என்றெல்லாம் வரும் சொற்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலைபார்த்த மளூர் ரங்காசாரியார்தான் இது பௌத்தம் என்று கண்டு சொன்னார். ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து விளக்கவும் செய்தார். 1898இல் சாமிநாதையர் பதிப்பு வெளிவந்தது. ஒருவர் சொல்லிக் கொடுக்காமல் போயிருந்தால் புகாரின் முரசு இன்னும் எத்தனை காலம் பொருள் விளங்காமல் கிடந்திருக்குமோ.

புகாரில் அறிவிப்பு ஆண்கள் கையில் மட்டும் இருக்கவில்லை. கோவலன் கண்ணகி திருமணத்தை ஊருக்குச் சொன்னவர்கள் யானைமேல் அமர்ந்த பெண்கள். சிலம்பின் முதல் காதையிலேயே அது இருக்கிறது. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு யானை ஏறிப்போய் ஊரையே அழைத்திருக்கிறார்கள். புறநானூற்று ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் காட்டும் அறிவிப்பு வேறு மாதிரி: எங்கள் அம்பு வரப்போகிறது, பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், பிள்ளைப்பேறு இல்லாதோர் காப்பிடம் தேடிக்கொள்ளுங்கள் என்று முதுகுடுமிப் பெருவழுதி முன்கூட்டியே சொல்லிவிடுகிறானாம்.

கருவி தானே பேசவும் செய்தது. பறையில் அடிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. சாமிச்சாட்டு அடி வேறு, மாரடிப்பு அடி வேறு, சப்பரத்தடி வேறு. அடி கேட்டே ஊரில் நடப்பது சாமி புறப்பாடா சாவா என்று வயலில் நிற்பவர் தெரிந்துகொள்ளலாம். 2025இல் பத்மஸ்ரீ பெற்ற மதுரை வேலு ஆசான் போன்ற கலைஞர்கள் இந்த அடிகளை வகுப்பு வைத்துக் கற்பித்துவருகிறார்கள். அடிகளைக் கற்பது ஒரு மொழியைக் கற்பதுதான்.

ஊர் முழுக்கக் காது கொடுத்த அந்தப் பழங்குடிக்காரனுக்குப் பிறகு என்ன நேர்ந்தது? மாங்குடி கிழார் புறநானூறு 335இல் தம் நிலத்துக் குடிகள் என்று நால்வரை எண்ணும்போது பறையனையும் பெருமையோடு எண்ணினார். பின்னால் வந்த நூற்றாண்டுகள் அதே பெயரை வசையாக்கி, பெயருக்கு உரியவர்களை ஊருக்கு வெளியே வைத்தன. சாவுக்கும் அறிவிப்புக்கும் மட்டும் உள்ளே கூப்பிட்டன. ஐரோப்பியர் வழியாக அந்தப் பெயர் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளோடு அங்கே தங்கிவிட்டது. பெயர் பறையிலிருந்து வந்தது என்று 1856இலேயே கால்டுவெல் எழுதினார். அவர் பார்த்தது கருவியை மட்டும். பறைதல் என்ற வினையையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம் என்று இந்தத் தொடருக்குத் தோன்றுகிறது.

1893 அக்டோபரில் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம். பெயர் ‘பறையன்’. வசையாக வீசப்பட்ட பெயரை எடுத்துத் தலைப்பில் வைத்து 1900 வரை நடத்தினார். செய்தி சொல்லும் தாளுக்கு இதைவிடப் பொருந்திய பெயரை எந்த மொழியிலும் யாரும் வைத்திருக்க முடியாது என்பது இந்தத் தொடரின் உறுதியான எண்ணம். அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அது பகைவர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்று வாதிட்டார். 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைக் கொண்டுவந்தார். இருவரும் உறவினர்கள், ஒரு பெயரைப் பற்றி இருவருக்கும் இருந்த வேறுபாடு தனி வாரம் கேட்கிறது. அதை இரண்டு பத்தியில் அடைப்பது அவர்கள் இருவருக்கும் செய்யும் குறை.

‘சாற்று’ அடுத்த வாரத்துக்குப் போகிறது. பெருமாள் கோயில் சாற்றுமுறையில் ஒரு கால், தெருமுனைத் தண்டோராவில் ஒரு கால் வைத்திருக்கும் சொல் அது. தண்டோராவுக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கும். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும், இனி ஒரு மனிதரைத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போகச் செய்யக்கூடாது, மீறி ஈடுபடுத்துவோர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது அந்தக் கடிதம்.

(தொடரும்)