மலைக் கிராமத்து மாணவரும் வணிகவியல் படிப்பும்

சேர்வராயன் மலையில் காப்பிப் பழப் பறிப்பு முடிந்து, கோடைக்கு வெளியூரார் ஏற்காட்டு ஏரிக்கரையில் கூடும் மே மாதத்தில், மலைக் கிராமங்களின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதே அது. நாகலூரானாலும் மஞ்சக்குட்டையானாலும் கேள்வி ஒன்றுதான்.

வணிகவியல் படித்தால் வேலை கிடைக்கும் என்று பலர் சொல்லுகிறார்கள். ஆனால் வணிகவியல் ஒரே படிப்பன்று. கணக்கியல், கூட்டுறவு, வங்கியியல், கணினிப் பயன்பாடு, நிர்வாகம், சுற்றுலா எனப் பல கிளைகள் அதற்கு உண்டு. எக்கிளையில் சம்பளம் அதிகம் என்று கேட்பது இயற்கையே. அதற்கு முன் நாம் கேட்க வேண்டியது வேறு. இப்படிப்பு எந்த வேலையின் கதவைத் திறக்கிறது? அக்கதவின் முன் வேறு எந்தத் தேர்வு நிற்கிறது?

மலைக்கு வணிக அறிவு எதற்கு?

முன்னாளில், 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்படி, விவசாயி தம் காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்து வந்தார். விற்பது வாரியத்தின் பொறுப்பாயிருந்தது. இம்முறை 1990களில் படிப்படியாகத் தளர்ந்தது. 1996இல் காப்பி முழுவதையும் தாமே விற்கும் உரிமை விவசாயிக்குக் கிடைத்தது. அன்று முதல் காப்பி விவசாயி ஒவ்வொருவரும் வணிகரும் ஆகிவிட்டார். நம் மலையில் விளையும் அராபிக்காவின் விலை நியூயார்க் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஏறத்தாழ 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ சுத்தக் காப்பிக்கொட்டை கிடைக்கும். ஒருவரிடம் 600 கிலோ பழம் இருக்கிறது. வியாபாரி கிலோவுக்கு 50 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழமாகவே விற்றால் 30,000 ரூபாய் வரும். அதையே உலர்த்திப் பக்குவப்படுத்தினால் 100 கிலோ கொட்டையாகும். கிலோ 360 ரூபாய்க்கு விற்றால் 36,000 ரூபாய். ஆட்கூலி, உலர்த்தல், வண்டிச் சத்தம் யாவும் 4,000 ரூபாயில் அடங்கினால் 2,000 ரூபாய் மிச்சம். அச்செலவு 7,000 ரூபாயானால் 1,000 ரூபாய் நஷ்டம்; பழமாகவே விற்றிருக்கலாம். இதுவே அடக்க விலைக் கணக்கு. கல்லூரியில் கற்பிக்கப்படும் இக்கணக்கு, வேலை கிடைக்கும் வரையிலும் கிடைத்த பின்னரும் வீட்டுக்குப் பயன்படும்.

கிளைகளும் வேலைகளும்

கணக்கியலே எல்லாக் கிளைகளுக்கும் அடிப்படை. 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், சேலத்து ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவுளிக் கடை முதலியவற்றிலும் முறையான கணக்கு எழுதுவோர் தேவைப்படுகின்றனர். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. திறமையும் அனுபவமும் ஏற ஏறச் சம்பளமும் ஏறும். பட்டயக் கணக்கர் ஆக விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததுமே அடிப்படைத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பயிற்சிக் காலத்தில் உதவித் தொகையும் உண்டு. ஆயினும் தேர்வுகள் கடினமானவை. பல முறை எழுதும் மன உறுதி வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களில் எழுத்தர், உதவியாளர் முதலிய பணிகளுக்குப் பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுகிறது. பயிற்சியின்றி விண்ணப்பித்து ஏமாறுவதைவிட, முன்பே அறிவிப்பைப் படித்துத் தயாராவது நலம்.

வங்கிப் பணியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. வங்கியியல் படித்தவர்க்கே வங்கி வேலை என்பது சரியன்று. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர், அதிகாரி தேர்வுகளை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். அங்கே மதிப்புப் பெறுவது தேர்வு மதிப்பெண்ணே. ஆகவே அப்பெயருக்காக மிகுந்த கட்டணம் கட்டித் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்ல வேண்டியதில்லை.

விற்பனைத் துறையில் வேலை எளிதில் கிடைக்கும், வருமானத்தில் ஒரு பகுதி விற்பனையைப் பொறுத்தது, அலைச்சலும் அதிகம். பணியாளர் நிர்வாகத்தில் நல்ல பதவிக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் வேண்டும். சுற்றுலா, விடுதி நிர்வாகம் படித்தவருக்கு ஏற்காட்டிலேயே வேலைக்கு வழியுண்டு; ஆனால் கூட்டம் பருவத்திற்குப் பருவம் மாறும். தோட்டத் தொழில் நிர்வாகத்தில் நாட்டமுள்ளவர், பட்டம் பெற்றபின் பெங்களூரில் 1993இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனத்தை நாடலாம்.

செலவும் உதவியும்

பட்டத்தின் பெயர் நீளமாயிருப்பதால் சம்பளம் கூடுவதில்லை. நிலத்தை அடகு வைத்துச் சேருமுன், சேலம் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் விண்ணப்பிப்பது முதற் கடமை. ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாள்தோறும் போய் வருவது கடினமாதலால், அரசு மாணவர் விடுதியைப் பற்றியும் உடனே விசாரிக்க வேண்டும். மலையாளிப் பழங்குடி மாணவர்களுக்குக் கல்வி உதவித் தொகை உண்டு. அதற்கு வேண்டிய பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியரே வழங்குகிறார். சேர்க்கை நாளில் அலைவதைத் தவிர்க்கப் பதினோராம் வகுப்பிலேயே அதைப் பெற்றுக்கொள்வது நன்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்று உயர்கல்வியில் சேர்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் மாணவியருக்கும் 2024இல் மாணவருக்கும் தொடங்கப்பட்டது. இவ்வுதவிகளைப் பற்றிக் கல்லூரியில் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.

ஊராட்சி செய்யக்கூடியது

மே 1ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவமும் அதுவே. அன்று நம் ஊரில் முன்னரே பட்டம் பெற்ற இளைஞர்களை அழைத்து மூன்று கேள்விகளைக் கேட்போம். என்ன படித்தீர்கள்? எவ்வளவு செலவாயிற்று? வேலைக்கு எந்தத் தேர்வு உதவிற்று? வேலை கிடைக்காதவரின் அனுபவமும் அங்கே சொல்லப்பட வேண்டும். அதிலும் பாடம் உண்டு. காப்பி நாற்றை நடுமுன் மண்ணையும் நிழலையும் பார்ப்பவர்கள் நாம். பிள்ளையின் மூன்றாண்டுகளை ஒரு படிப்பில் நடுமுன் அவ்வளவேனும் பார்க்க வேண்டாமா?